மார்கரீத்தம்மாளா, மார்த்தம்மாளா?

— கத்தாதீங்க யோசினாக்கா! கோயிலுக்குள்ள பூசை நடக்குது.

— கத்துவேன் கில்லிஸ். அந்தக் கத்தெலைன் பொண்ணு உன் படக்கடையில மார்கரீத்தம்மாள் படம் வாங்குனாளா இல்லியா? பிரசவ வலிக்காரி வயித்து மேல வைக்கிற புனிதை படம், கல்யாணமாகாத பொண்ணுக்கு எதுக்காம்?

— அதை நீங்க ஊரெல்லாம் சொல்லித்தான் அவளைக் கட்டிக்க இருந்த ரொட்டிக்கடை வவுட்டர் வீட்டுல நிச்சயத்தையே முறிச்சுட்டாங்க.

— மாதாவே! மீன்காரி ஒருத்திகிட்டதான் சொன்னேன்.

— ஒருத்தி போதாதா? ஆன்ட்வெர்ப் முழுக்க நாறிப்போச்சு.

— காலடியில டிராகன் கெடந்துச்சே, பார்த்தேனே!

— மார்த்தம்மாளுக்கும் டிராகன் உண்டு, சரிங்களா? இதோ, அவ வாங்குன படத்தோட அதே மர அச்சுக்கட்டையில அடிச்ச தாள். மார்கரீத்தம்மாள்னா கையில சிலுவை இருக்கும். இங்க என்ன இருக்கு?

— வாளி மாதிரி...

— தீர்த்த வாளி. மார்த்தம்மாள் அடுப்படிக்குக் காவல். புதுக்குடித்தனத்துக்கு வாங்கியிருக்கா, பாவம்.

— அது சரி, வாளியைச் சுத்திச் சதுரமா வெள்ளைக் கோடு ஓடுதே?

— பழைய கட்டைக்கா, கீறல்.

— சதுரமாவா கீறல் விழும்? மை இன்னும் கையில ஒட்டுது! டேய், சிலுவையைப் பேத்தெடுத்துட்டு வாளியைச் செதுக்கி அடைச்சிருக்கே!

— மெதுவா! ஆமா, நேத்துதான் அடைச்சேன். அவ வாங்குனது மார்கரீத்தம்மாள்தான். ஆனா அவளுக்கில்லை.

— பின்னே யாருக்கு?

— வாயைத் திறக்க மாட்டேங்குறா. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காளாம். நீங்க ரொட்டிக்கடைக்குப் போய், வாளியைச் சிலுவைன்னு நினைச்சுட்டேன்னு சொல்லுங்க. நீங்க கெடுத்த பேரு, நீங்கதான் மீட்கணும்.

— என்னைக் குருடியாக்குறே. சரி, குடு தாளை.

*

— என்னக்கா, இத்தனை மாசமா கடைப் பக்கமே காணோம்?

— எந்த மூஞ்சியோட வர? அன்னிக்கு வாளியைப் பார்த்ததும் வவுட்டரோட அம்மா நம்பிட்டா. திரும்பவும் தட்டு மாத்தக் கிளம்புனாங்க. கத்தெலைன்தான், என்னை ஒரு வார்த்தை கேக்காத வீடு எனக்கு வேண்டாம்னுட்டாளே.

— கென்ட்ல ஒரு கண்ணாடிக்காரனைக் கட்டிக்கிட்டு அங்கயே போயிட்டாளாமே?

— ஆமா. நல்லாயிருக்காளாம்.

— அந்தப் படம் யாருக்குன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை, பார்த்தீங்களா?

— அவ சொல்லலை. ஆனா போன வாரம் வவுட்டரோட தங்கச்சியை அவசர அவசரமா மெக்கலென்ல கட்டிக்குடுத்தாங்க கில்லிஸ். சீர் வண்டியில முதல்ல ஏத்துனது தொட்டில்.