உள்ளே வைத்துத் தைத்தது

— “அம்மா, வயித்துல இருந்த கெட்டதையெல்லாம் எடுத்துட்டாங்களே, களைப்பை மட்டும் ஏன் உள்ள வச்சுத் தைச்சுட்டாங்க?” அப்படின்னு போன மாசம் குட்டி கேட்டா, அண்ணி.

— தையல்காரி பெத்த பொண்ணு வேற எப்படிக் கேக்கும்? அவங்க எங்க வச்சுத் தைச்சாங்க? நீயாப் பிடிச்சு வச்சிருக்கே. நான் சொன்னா உனக்குக் கோவம் வரும். சினைப்பையில கட்டின்னாங்க, கேன்சர்னாங்க, எடுத்தாச்சு. மருந்து ஏத்தணும்னாங்க, ஏத்தியாச்சு. உதிர்ந்த முடியும் திரும்ப முளைச்சாச்சு. இன்னும் என்ன படுக்கை, மகாராணி?

— கோவப்படவும் தெம்பு வேணுமே அண்ணி.

— இந்த வாய்க்கு மட்டும் களைப்பே வராதா?

— அதை டாக்டரம்மா தொடல.

— நல்லாப் பேசு. சாப்பிட்டதும் படுத்தவ, வெயில் இறங்கினப்புறம் எந்திரிக்கறே. தினமும் இதே கதை.

— தூங்கி எந்திரிச்சா, தூக்கத்துல யாரோ நம்மளை வேலை வாங்கின மாதிரி இருக்கு. குளிச்சா, குளிச்ச களைப்பு தீரப் படுக்கணும். தலை சீவினா கை ரெண்டும் கெஞ்சுது. உடம்பு உள்ளுக்குள்ள பெரிய வேலை பார்த்துட்டு இருக்கு, மாசக்கணக்கா ஆகும், சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்கன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க.

— அதை என் தம்பிகிட்ட சொல்லியிருக்கணும். “அவ முகம் தெளிஞ்சுடுச்சு, சரியாயிட்டா”ன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறான்.

— முகம் தெளியாம என்ன பண்ணும், அதுக்குத்தான் வேலையே இல்லையே. வாட்ஸ்அப்புல வேற என் படத்தைப் போட்டு “நோயை வென்ற வீராங்கனை”ன்னு எழுதிட்டார். அதுலருந்து, அந்த வீராங்கனையால தண்ணி எடுக்க எந்திரிக்க முடியலன்னு சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு.

— அதைப் பார்த்துட்டுத்தான் காலையில மாடிவீட்டம்மா வந்தாளா?

— ஆமா. “நீ நல்லா ஓய்வெடுக்கணும்”னு சொல்ல வந்தாங்க. அதைச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிடுச்சு. நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சுக் காபி போட்டேன்.

— அவ புருஷனும் கூட வந்தானே?

— அவர் யோசனை சொன்னார். “எல்லாம் மனசுலதாம்மா இருக்கு, மனசைத் திடப்படுத்துங்க”ன்னார். சொல்லிட்டு, முட்டி வலிக்குது, மாடி ஏற முடியலன்னு நம்ம நாற்காலியிலேயே உட்கார்ந்துட்டார்.

— முட்டியும் மனசுலதான் இருக்குன்னு சொல்றதுக்கென்ன?

— நினைச்சேன். பாவம், நிஜமாவே வலிச்சிருக்கும். தலையணை எடுத்துக் கொடுத்தேன்.

— கொடுப்பே. அப்புறம் என் தம்பி ஆபீஸ்லருந்து ஒருத்தி வந்தாளே?

— அவங்க சித்தப்பா மகளுக்கும் இதே நோயாம். ரொம்ப ஆறுதலா ஆரம்பிச்சாங்க. கதை போகப் போக அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. கடைசியில நான்தான் அவங்களைத் தேத்தி, கண்ணைத் துடைக்கத் துண்டு கொடுத்து அனுப்பினேன்.

— எல்லாம் நீ இடம் கொடுக்கறதால வர்றது. நான் சொன்னா உனக்குக் கோவம் வரும், ஆனா என்னைப் பாரு. என் வீட்டுக்காரர் தவறிப்போனப்ப எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் படுத்தேனா? காலையில அடுப்பு எரியாம இருந்துச்சா? அத்தனை பேருக்கும் வேளைக்குச் சோறு வந்துச்சா இல்லையா? நீ அப்ப கல்யாணமாகி வந்த புதுசு. பார்த்திருப்பியே.

— பார்த்தேன் அண்ணி.

— எங்கம்மா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் “என் மக இரும்பு”ன்னு சொல்வாங்க.

— என்கிட்டயும் சொல்வாங்க. “அவளைப் பார்த்துக் கத்துக்கோ”ன்னு.

— கத்துக்கிட்டியா?

— எங்க... நான்தான் படுத்தே கிடக்கறேனே.

— சரி சரி, காபி ஆறுது, குடி.

— இருக்கட்டும். முதல்ல அலமாரி மேல இருக்கற மூட்டையை எடுங்க. ஸ்கூல் டீச்சர் இப்ப வந்துடுவாங்க.

— எந்த மூட்டை?

— யூனிஃபார்ம் பாவாடை, அண்ணி. மிஷின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டி முடிச்சுட்டேன். கீழ் மடிப்புதான் பாக்கி. பிள்ளைங்க வளர வளரப் பிரிச்சு இறக்கணும்னு, அதைக் கையாலதான் தைக்கச் சொல்வாங்க. மருந்து ஏத்தினதுலருந்து எனக்கு விரல் நுனி மரத்துக் கிடக்கு. ஊசி துணியில இருக்கா, விரல்ல இருக்கான்னே தெரியல. பாதிகூடத் தாண்டல.

— அதுக்கு இப்ப என்ன?

— இன்னிக்குக் கொடுக்கலன்னா இந்த வேலை பெரிய கடைக்குப் போயிடும். டீச்சர் மேல தப்பில்ல, ஸ்கூல் திறக்கப்போகுது. ஆனா ஒரு தடவை போனா திரும்பி வராது. அதுவும் போயிட்டா நான் தையல்காரி இல்ல அண்ணி, வெறும் நோயாளி. தைச்சதைக் காட்டி, ரெண்டு நாள் கெஞ்சிக் கேக்கப்போறேன்.

— நீ ஒண்ணும் கெஞ்ச வேண்டாம். பேசாம உட்காரு. மூட்டையை அப்படியே தூக்கி நான் கொடுத்துக்கறேன். பிரிக்காத, அடுக்கு கலைஞ்சுடும்.

— பிரிச்சுப் பார்க்காம எப்படி... அண்ணி, இது முடிஞ்சிருக்கே. இதுவும். எல்லாமே முடிஞ்சிருக்கு!

— நீதான் முடிச்சிருப்பே. டாக்டரம்மா மறதியும் வரும்னு சொன்னாங்கல்ல?

— சொன்னாங்க. ஆனா என் தையல் ஒரு பக்கம் சாயும், இது அதுக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. இடது கையால தைச்சாத்தான் இப்படி விழும்.

— விழுந்துட்டுப் போகுது. உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போறா?

— இந்த வீட்டுல இடது கைக்காரங்க ஒருத்தர்தான் அண்ணி.

— எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ தூங்கறப்ப கதவைச் சாத்திட்டு உட்கார்ந்து, உனக்காகச் சாமி கும்பிட்டேன். அவ்வளவுதான்.

— கும்பிட்ட கையில ஏன் இத்தனை ஊசிக்குத்து?

— வாசல்ல மணி அடிக்குது பாரு. டீச்சர்தான்.

— நீங்கதான் தைச்சீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்.

— வாயை மூடு. யார் கேட்டாலும் நீதான் தைச்சே. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மாசமெல்லாம், விடியறதுக்குள்ள நீ சமைச்சு இறக்கி வச்சுட்டு, “அண்ணிதான் சமைச்சாங்க”ன்னு எங்கம்மாகிட்ட சொல்லல?