பனைமரத்துக் குழாய்

அதுவா? அது ஒண்ணுமில்லண்ணே. பனமரத்துல மைக்குக் குழாய் கட்டியிருக்காக. காத்துல கயிறு தளந்து, குழாய் மரத்துல உரசுது. கரக்... கரக்குனு. பாட்டுக் கச்சேரி முடிஞ்சு ஒரு வாரமாச்சு, இறக்க ஆளில்ல. நீ உக்காரு. வாசப்படியிலயா? சரி, அங்கனயே உக்காரு. கதவ நான் சாத்தல. திறந்தே கிடக்கட்டும்.

துண்டுல சுத்தி வச்சிருக்கியே, அதக் கீழ வைக்கணும்னா வையி. வேண்டாமா? மடியிலயே வச்சுக்க. நான் என்னான்னு கேக்கல. பிடியப் பாத்தாத் தெரியாதா, நம்ம வீட்டு அருவாதானே.

அவுக வந்துருவாக. கரையில வலைய ஒதறிப் போட்டுட்டு சோத்துக்கு வந்துருவாக. ஆமாண்ணே, அவுகதான். நம்ம தோட்டத்துல கமலை எறச்ச பய, உனக்கு அவன். எனக்கு ரெண்டு வருசமா அவுக. அந்த ஒரு சொல்லுக்குத்தானே இம்புட்டு தூரம் வந்திருக்க.

மெதுவாப் பேசு. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தான். தொட்டில ஆட்டிக்கிட்டேதான் பேசுவேன், கை நின்னா முழிச்சுக்குவான். ஆம்பளப் பிள்ளைதான். பல்லு ரெண்டு வந்திருக்கு, கடிக்கிறான். இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடியில வச்சுல்ல குத்தணும்? உன் மடியில இன்னைக்கு எடமில்ல.

தண்ணி குடி. ஊத்துத் தண்ணி, உப்புக் கரிக்காது. குடிக்க மாட்டியா? அதுவும் சரிதான். எனக்குக் கருமாதி செஞ்சு மொட்டை போட்டியாமே. செத்தவ கையால எப்படிக் குடிக்கிறது? முடி நல்லா வளந்துருச்சுண்ணே உனக்கு. முன்னுக்கு இப்ப அடர்த்தியாத்தான் இருக்கு.

நம்ம ஊரு தங்கசாமி வந்து சொன்னானா, நான் இங்கன இருக்கேன்னு? எனக்குத் தெரியும். கச்சேரி அன்னைக்கு ராத்திரியே தெரியும். சொல்றேன் கேளு, அவுக வர வரைக்கும் நீயும்தான் என்ன செய்வ.

புயல்ல தனுஷ்கோடி போனது உனக்குத் தெரியும். அது போனப்ப இங்கனயும் வள்ளமெல்லாம் செதறிப் போச்சு. வள்ளம் இல்லாட்டா இந்தச் சனம் என்ன திங்கும்? கவர்மெண்டு தரும் தரும்னு பாத்துட்டு, நாமளே காசு சேப்போம்னு மூணு நாளு பாட்டுக் கச்சேரி வச்சாக. மாதா கோயில் பேண்டு செட்டு, ராம்நாட்டு நாயனம், கீழக்கரையில இருந்து தாயிரா மேளம் கொட்டிப் பாடுறவுக. எல்லாரும் சும்மா வந்து வாசிச்சாக. கூலி கிடையாது, வேலை செய்ய இஷ்டப்பட்டவுக பேரு குடுங்கன்னு கேட்டாக. நான் குடுத்தேன். நாகலெட்சுமின்னு குடுப்பனா? இங்கன நான் மேரி. நம்ம சாமிய விடலண்ணே, பேருதான் வேற. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துல நீ சைக்கிள்ல கொண்டுபோயி விடுவியே, அந்தப் படிப்பு இதுக்காச்சும் ஆச்சு. செபமெல்லாம் தலைகீழா வரும், ஒருத்தரும் சந்தேகப்படல.

நெஞ்சுல செவப்பு ரிப்பன் குத்திவிட்டாக. முக்காட்டுக்குள்ளயே பதுங்கிக் கிடந்தவளுக்கு அது எப்படியிருந்துச்சுன்னு உனக்குச் சொன்னாப் புரியாது. பொம்பளைகள மணல்ல வரிசையா உக்கார வைக்கிறது, தொலஞ்ச பிள்ளையத் தேடித் தாய் கையில குடுக்கிறது, தண்ணி மோந்து ஊத்துறது. அவுகளுக்கும் ரிப்பன். நம்ம வீட்டு நடையேற விடாத ஆள, வாங்க தம்பி, இந்தப் பந்தக்கால ஊனித் தாங்கன்னு கூப்புட்டாக. நாலு ஆளு தூக்குற தேக்கங் கட்டைய ஒத்தையாத் தூக்கினாக அன்னைக்கு.

சிரிக்காதண்ணே. சரி, சிரி.

கச்சேரியில ஒரு ரூவா குடுத்தாலும் பாட்ட நிப்பாட்டி, பேரும் ஊரும் சொல்லி மைக்குல வாசிக்கணும். அதுக்குத்தானே சனம் குடுக்குது. சீட்டுல எழுதி அனுப்புவாக. வாசிச்சவரு வாவு முகம்மதுன்னு கீழக்கரைப் பெரியவரு. மொத நா முழுக்கக் கத்தி, ரெண்டாம் நா அவருக்குத் தொண்ட அடச்சுப் போச்சு. மேரி படிச்ச புள்ளையாச்சே, நீ வாசின்னு இழுத்துவிட்டாக. மாட்டேன்னுதான் சொன்னேன். பேர மாத்தலாம், சேலக்கட்ட மாத்தலாம், குரல எதுக்குள்ளண்ணே ஒளிக்கிறது? ஆனா எல்லாரும் பாக்குறாக, காரணம் என்னன்னு சொல்லுவேன்? போயி நின்னுட்டேன்.

நின்னப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு. உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். காலம்பற நம்ம அய்யாவுக்குப் பேப்பர் வாசிப்பேன்ல, அதே குரலு. மூணு பனமரத்துல மூணு குழாய். நான் ஒரு பேரச் சொன்னா, கடலு வரைக்கும் போயிட்டு வருது.

சீட்டு வரும், வாங்குவேன், வாசிப்பேன். வாய்தான் வாசிக்கும், புத்தி பின்னால வரும். அப்படித்தான் அந்தச் சீட்டையும் வாசிச்சேன். தங்கச்சிமடம் வீரபத்திரன் அன்பளிப்பு ஒரு ரூவான்னு. வாசிச்சு முடிச்சப்புறம்தான் காதுல விழுந்துச்சு, அது அய்யா பேருன்னு.

என் பிள்ளை பேருண்ணே. அய்யா பேரத்தான் வச்சேன். வேற யாரு பேர வைப்பேன்? வெளியில அவன் சூசை. வீட்டுக்குள்ளதான் வீரபத்திரன். ஒரு தடவையாச்சும் ஊரறிய அந்தப் பேரச் சொல்லிப்புடணும்னு இவுகளுக்கு ஆசை. அய்யாவுக்கு மரியாதை செய்யுறதா நெனச்சுக்கிட்டு, மொத நாளே ஆள வச்சு எழுதிக் குடுத்திருக்காக. கொட்டகைக்குப் பின்னால கயித்த இழுத்துக்கிட்டு நின்ன மனுசருக்கு, வாசிக்கப் போறது நான்னு எப்படித் தெரியும்?

இந்தத் தீவுல அந்தப் பேருல ஒருத்தர் கிடையாது. ஆம்பளைக பக்கம் ஒரு ஆளு எந்திரிச்சு நின்னான். கேஸ் லைட்டு மூஞ்சியிலயே அடிச்சுது. நம்ம ஊரு தங்கசாமி, மொளகா யாவாரத்துக்கு வந்தவன். கும்புடல, சிரிக்கல, என்னையே பாத்தான். நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிற? அடுத்த சீட்ட எடுத்து வாசிச்சேன். குரலு நடுங்கல.

மறுநா அவனத் தேடுனேன். ஆளில்ல. அன்னையிலருந்து ஒவ்வொரு ரயிலுச் சத்தத்துக்கும் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்.

ஒண்ணு கேக்கவா? அய்யா அனுப்பிச்சாரா, நீயா வந்தியா? ...வேண்டாம், சொல்லாத. தரையப் பாக்குறியே, அது போதும்.

என்னது? அந்தக் கரக்குச் சத்தம் நின்னு போச்சா? ஆமா, அப்பவே நின்னுருச்சு. நீ இப்பத்தான் கவனிக்கிற. பிள்ளை சிணுங்கக்கூட இல்லையேங்கிறியா. அவன் சமத்து. பாக்கணுமா? வா. உள்ள வா, மாமன் பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது. நான் விலகிக்கிறேன், நீ தொட்டில விலக்கிப் பாரு. வெளிச்சம் பத்தலைன்னா சிம்னியத் தூண்டிக்க. நான் இங்கன கதவுகிட்ட நிக்கிறேன்.

அம்மிக் குழவிண்ணே அது. இம்புட்டு நேரம் ஆட்டுனதுல தோளு கழண்டு போச்சு.

கிட்ட வராத. கதவச் சாத்தியாச்சு. வெட்டணும்னா வெட்டு, ஆனா என்னையத் தள்ளிட்டுத்தான் நீ இந்தக் கதவத் தொடணும். ஸ்டேசன்ல ரெண்டு பேர உக்கார வச்சிருக்கியே, கூப்பாடு போட்டாலும் அவுகளுக்குக் கேக்காது. பக்கத்து வீட்டு ராக்கு அக்கா பாத்துட்டு ஓடியாந்து சொன்னாக, மூணு பேரு ரயிலவிட்டு எறங்கி, மைக்குல வாசிச்ச பொம்பளை வீடு எதுன்னு விசாரிச்சுட்டு, ரெண்டு பேரு அங்கனயே உக்காந்துட்டாகன்னு. தீவவிட்டு வெளியேற ரயிலு ஒண்ணுதான் வழின்னு நெனச்சுட்டேல்ல? நெனைப்ப. நானும் இங்கன வந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன்.

குழாயெல்லாம் கச்சேரி முடிஞ்ச மறுநாளே எறக்கிட்டாகண்ணே. நீ வந்ததும் கேட்டியே, அது வள்ளத்த உருட்டுன சத்தம். பனங்கட்டையப் போட்டு அதுமேல தள்ளுவாக. எப்பவும் பாடிக்கிட்டேதான் தள்ளுவாக, பாடாம வள்ளம் எறக்குனா ஆகாதும்பாக. இன்னைக்கு மட்டும் பாடாதீகன்னு கால்ல விழுந்து கேட்டேன். அதான் கட்டைச் சத்தம் மட்டும் தனியாக் கேட்டுச்சு. கடக்கரையில பிறந்தவனா இருந்தா அப்பவே பிடிச்சிருப்பான். நாம கரிசக்காட்டு ஆளுக, நமக்கு எங்க தெரியுது.

கச்சேரிப் பணத்துல வாங்குன வள்ளம்தான். நேத்துத்தான் கரைக்கு வந்துச்சு, மாதா கோயில் சாமியார் இன்னும் மந்திரிக்கக்கூட இல்ல. அதுல உன் மருமகன் போட்ட ஒரு ரூவாயும் இருக்கு.

நான் பின்னாலயே வாரேன்னு சொல்லித்தான் பிள்ளைய அவுக கையில குடுத்தேன். வள்ளம் தண்ணியத் தொட்டா நிக்கக் கூடாதுன்னு துடுப்புப் போடுறவுககிட்டத் தனியாச் சொல்லியிருந்தேன். வீடு இருண்டு கிடந்தா நீ நேரா கரைக்குல்ல போயிருப்ப? விளக்கு எரியணும், தொட்டிலு ஆடணும், ஒருத்தி பேசிக்கிட்டே இருக்கணும். எங்க போறாகன்னு கேட்காத. எனக்கே தெரியாது. தெரிஞ்சா பயத்துல சொல்லிப்புடுவேன்னு நான் கேட்டுக்கல.

ஏண்ணே குழவியக் கையில வச்சுக்கிட்டு அப்படி நிக்கிற? கீழ வையி. இல்ல, அந்த இன்னொண்ணக் கீழ வையி. உன் இஷ்டம். வள்ளம் பாம்பன் தாண்டுற வரைக்கும் நீ இங்கனதான்.

அய்யாவுக்கு இப்பக் கண்ணு எப்படியிருக்கு? காலம்பற யாரு பேப்பர் வாசிக்கிறா? அதை மட்டும் சொல்லு. இரு, என் முதுகுக்குப் பின்னால தாழ்ப்பாளு பாதியில நிக்குது. உப்புக் காத்துல துருவேறி ரெண்டு வருசமா விழாமலே கிடந்துச்சு, நானும் அவுகள நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு மத்தியானம் நானே எண்ணெய் விட்டேன்.

ம். விழுந்துருச்சு.