கேப்டன் ஆதன் முகம் போட்ட பனியன்

“கேப்டனே ஆக்சிஜன நிறுத்தி அத்தனை பேரையும் கொன்னுபோட்டானுங்க அக்கா.”

உடுமலையிலிருந்து திருப்பூர் செல்லும் பேருந்தில் நாலைந்து தலைகள் திடுக்கிட்டுத் திரும்பின. என் முன்னிருக்கையில் இருந்த இளைஞரின் மடியில், புதிதாக வந்த விண்வெளிக் காமிக்ஸ் தொகுப்பு விரிந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண் அதைப் பறித்துக்கொண்டார்.

“நம்ம ஆதனா? இருக்காது தம்பி. கனவா இருக்கும். கடைசிப் பக்கத்தப் பாத்தியா?”

“பாத்தனுங்க. சிரிக்கிறானுங்க.”

அவரும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

“இதுவரைக்கும் வந்ததுலயே படம் இதுலதானுங்க அருமை. அதுதான் வயித்தெரிச்சலே.”

“ஐயோ, ஞாயித்துக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு அவன் மூஞ்சியப் போட்டுல்லா பனியன் அடிக்கச் சொன்னோம்!”

“நேத்தே பிரிண்டிங் முடிஞ்சுதுங்க. கீழ ‘எங்கள் காவலன்’னு வேற போட்டுட்டனுங்க.”

“அதப் போட்டுக்கிட்டு எப்படிப் போக? காதர்பேட்டை மலிவுக் கடையில தள்ளிரு.”

“வேண்டாங்க. அவன் ஆருன்னு தெரியாம எவனோ ஒருத்தன் வாங்கி நெஞ்சுல போட்டுக்குவானுங்க.”

“பெறவு என்ன செய்ய?”

“வெட்டி வேஸ்ட்ல போட்டுர்றனுங்க. மெசின் தொடைக்கிற துணியாப் போகட்டும்.”

அந்தப் பெண் தொகுப்பை மூடி, அட்டையில் நிமிர்ந்து நின்ற கேப்டனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டு தம்பி. முகத்துக்குக் குறுக்க மட்டும் வெட்டிராத.”