வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. குனிந்து அடியில் பார்ப்பவர்கள் குறைவு. குனிந்தால் சட்டை அழுக்காகும், அவ்வளவுதான் காரணம். என் பிழைப்பே குனிந்து பார்ப்பதுதான். விபத்தில் நொறுங்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதித்து, எதனால் ஆனது என்று எழுதிக் கொடுப்பவன் நான். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். என் தம்பி இறந்துபோன விபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

என்னிடம் கேட்காமல் அவன் எதையும் செய்ததில்லை. நான் சொன்னபடி எதையும் செய்ததுமில்லை. மின்சார அலுவலக வேலையை விடாதே என்றேன். விட்டான். விளக்குக் கடை வைத்தான், கடை ஓகோவென்று ஓடியது. உன்னைவிட மூத்த பெண் வேண்டாம், ஊர் வாயில் விழுவாய் என்றேன். கட்டிக்கொண்டான். அந்த இரண்டு பேரைப்போலச் சிரித்துப் பேசி வாழ்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. பள்ளமான மனையில் வீடு கட்டாதே, மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்றேன். கட்டினான். பெருமழை பெய்தது. தண்ணீர் வந்தது, பக்கத்துத் தெருவில் இருந்த என் வீட்டுக்குள்.

அதை இறைத்து ஊற்ற வந்தவனும் அவன்தான். வாளியும் கையுமாக நின்று, "தண்ணிக்கு அட்ரஸ் மாறிப்போச்சு போல அண்ணே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவன் மகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்பீட் பிரேக்கர் பெரியப்பா'. குழந்தைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு குழந்தைக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

வாழ்நாள் முழுக்கச் சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு தடவைகூட அது நடக்காமல் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த வண்டி ஒரு பல் டாக்டருடையது. ஸ்போர்ட்ஸ் கூபே என்பார்கள். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பின்சீட் பெயருக்குத்தான். கரும்பச்சை. தம்பியின் கல்யாணத்துக்கும் முந்திய வண்டி. டாக்டர் உறையை விலக்கியதும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் அப்படி வாயடைத்து நின்றதில்லை. டாக்டர் தன் பங்குக்கு, "நான் இதை வேகமா ஓட்டினதே இல்ல சார்," என்றார். விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது.

நான் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

"சொல்லு அண்ணே. வாங்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"பிரேக் குழாய் துருப்பிடிச்சிருக்கு. பின்னாடி உக்காந்தவங்க ஒரு அவசரத்துக்கு எறங்க முடியாது. உனக்கும் இருபது வயசு இல்ல."

"அப்போ மத்ததெல்லாம் நல்லா இருக்குங்கறே," என்று சொல்லி என் தோளைத் தட்டினான். வாங்கிவிட்டான்.

வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. என் அலுவலக வாசலுக்கே அதை ஓட்டிக்கொண்டு வருவான். என்னுடன் வேலை பார்ப்பவர்கள், தினமும் நசுங்கிய தகரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், சுற்றி நின்று பல்லைக் காட்டுவார்கள். "எங்க அண்ணன் வேண்டாம்னு சொன்ன வண்டி இது, அதான் இவ்வளவு நல்லா ஓடுது," என்பான். மறுபடியும் சிரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். இலையில் கை வைத்ததும் ஆரம்பித்தான். "அண்ணே, இன்னொரு தடவை அடியில படுத்துப் பாரு. பாத்துட்டு, 'நல்லா இருக்கு'ன்னு உன் வாயால சொல்லணும். ஒரே ஒரு தடவை." அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள், "பெரியப்பா சொல்ல மாட்டாரு!" என்று கத்தினாள்.

சாப்பிட்டு முடித்து, நான் மட்டும் கார் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பிரேக் குழாய் புதிது. பளபளவென்று இருந்தது. நான் சொன்னதைக் காதில் வாங்காதவன்போல் நடித்துவிட்டு, சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மனம் குளிர்ந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் குழாய் இருக்கும்வரை நான் சொன்னது நடக்கப் போவதில்லை. நான் சொன்னதை எடுத்துக்கொண்டு, அதைப் பொய்யாக்கவும் செய்துவிட்டான்.

அவனுடைய டூல் பெட்டி பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. அதில் ஒரு அரம் இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தமும் மகளின் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் அவசரப்படவில்லை. தேய்த்த இடத்தில் கொஞ்சம் பழைய கிரீஸைப் பூசினேன். அந்த வண்டியில் குழந்தையும் ஏறுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். தோன்றியது. பின்சீட்டைப் பற்றியும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

வெளியே வந்தேன். தம்பி முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன சொல்றே?"

"இதுல போகாதே."

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் முகம் ஒரு கணம் வாடிப்போனது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "உன்னைத் திருத்தவே முடியாதுண்ணே." அந்த வாரமே மலைப்பாதை இறக்கத்தில் ஒரு வளைவு அவனுக்குத் திரும்பவில்லை. தனியாகத்தான் போயிருந்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். "நீங்க அப்பவே சொன்னீங்களே. அவன்தான் கேக்கல," என்றார்கள். நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே மனம் நிறைந்திருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் அறிக்கை வந்தது. ஓட்டுநரின் அதிவேகமே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நசுங்கிய வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான், ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. வண்டிமேல் குற்றமில்லையாம், அவன்தான் பறந்தானாம்.

தம்பி மனைவி என்னைத் தேற்ற வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க மாமா. வண்டியில தப்பில்லையாம். நீங்க சொன்ன குழாயைக்கூட வாங்கின மறுநாளே மாத்திட்டாரு. அவரு எல்லாத்துலயும் அப்படித்தான். நீங்க தண்ணி வரும்னு சொன்னதுக்காக வீட்டையே உசத்தித்தானே கட்டினாரு? 'எங்கண்ணன் எல்லா ஆபத்தையும் எனக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிடுவாரு, நான் சரிபண்ணிட்டுத் தைரியமா எறங்கிடுவேன்'னு சொல்வாரு. அதை உங்ககிட்ட சொல்லத்தான் அவருக்கு வெக்கம்."

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்படியானால் அன்றைக்கு அந்த மழைத் தண்ணீரை என் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டதும் அவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அவளுடைய பேச்சு என்னை உறுத்துகிறது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அதிவேகம் என்ற அந்தச் சொல்தான் உறுத்துகிறது. என் தம்பி வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. அதை அடித்துவிட்டு, பிரேக் குழாய் என்று எழுதுங்கள். அரம் அவன் டூல் பெட்டியில்தான் இருக்கிறது. தேய்த்தது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அதற்குமேல் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி வேண்டாம், அதன் பிரேக் குழாய் சரியில்லை என்று நான் அப்போதே சொன்னேன்.