மீட்டர் சரியாகத்தான் ஏறியது

நான் காலஞ்சென்ற தண்ணீர்ப் பம்பு மெக்கானிக்கின் மனைவி. வயது நாற்பத்தொன்று. சலவைக் கடையில் துணி தேய்க்கிறேன். நீர்த்தொட்டிக்குப் பின்தெருவில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

எங்களிடம் ஒரு பழைய கார் உண்டு. அதில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால் எப்போது இறங்கினாலும் முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று என் கணவர் திட்டித் திட்டி என்னைப் பழக்கியிருந்தார். ஒரு மாதமாக வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துபோனது. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில்தான் கோளாறு என்று சொல்லி, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றிக் கரி போகத் துடைத்து மாட்டினார். பம்பு பார்க்கிறவருக்குக் கார் வேலை எதற்கு என்று தெருவே கிண்டல் செய்தது. நானும் செய்தேன்.

அதன் பிறகு வண்டியை நியூட்ரலில் வைத்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னார். அவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, த்ராட்டிலின் வயரில் மாட்டிய வோல்ட் மீட்டரைப் பார்த்து எண்களைச் சொன்னார்; உள்ளே இருக்கும் தகடு சிக்காமல் திறந்தால் எண் சீராக ஏறுமாம்.

"அரை... ஒண்ணு... ரெண்டு... நாலு. எங்கயுமே தடுக்கலடி! யாருகிட்ட!" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அதன் பிறகு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து இறங்கினேன். இறங்கும்போது பழக்கதோஷத்தில் முதல் கியரில் போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். கியரைப் பார்க்கவில்லை. பானெட் தூக்கியிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. "ஸ்டார்ட் பண்ணு" என்றார். கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினேன். என் கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தது. வண்டி பாய்ந்து சுவரில் மோதி நின்றது.

அதன் பிறகு வண்டியைப் பார்த்த ஆய்வாளர், த்ராட்டில் தகடு சிக்கியிருக்கலாம் என்று எழுதியதாகக் கேள்விப்பட்டேன். என் கொழுந்தன் நேற்று வந்து, "அண்ணி, தகடு மாட்டிக்கிச்சுன்னே சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார், அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் தகடு சிக்கவில்லை. என் கணவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. கியரில் போட்டது நான்.

வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆம்புலன்சில் அவருக்கு நினைவு இருந்தது. "நான்தான் எதையோ தப்பா மாட்டிட்டேன் போல" என்றார். எனக்குக் காரணம் அப்போதே தெரியும். இல்லை என்று சொல்லப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அவரிடம் சொல்லாததை இங்கே சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)