கீழ்த்தெருவுக்குப் பக்குவமாகச் சொன்னது

இந்தத் தேநீரில் பால் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை தம்பி, விசாரணை அலுவலகத்தில் இதுவே பெரிது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினால் எந்தச் செய்தியும் தொண்டையில் சிக்காது.

நீங்கள் பெருநகரத்தில் படித்தவர், ஆனாலும் கசாக் பிள்ளை. சாவுச் செய்தியை நம்மவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? போன உடனே போட்டு உடைப்பதில்லை. உட்கார்ந்து, தேநீர் குடித்து, இறக்கை முறிந்த ராஜாளியைப் பற்றி ஏதாவது பேசி, கேட்பவர் தானாகவே புரிந்துகொண்டு அழத் தொடங்கும்வரை காத்திருப்போம். எங்கள் தாஸ்கெசு ஊரில் இதற்கு என் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பின் என்னை. என் வாயால் செய்தி கேட்டு மயங்கி விழுந்தவர் ஒருவரும் இல்லை.

அதனால்தான் நகராட்சியில் மக்களுக்கு எச்சரிக்கை விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு முன்பு இருந்தவர் ஒத்திகை என்று சைரனை அலறவிட்டு, ஒரு கிழவருக்கு நெஞ்சுவலியை வரவழைத்தார். தலைவர் ஓராஸ்பாய் என்னிடம், "ஜனங்க பயப்படாம பார்த்துக்குங்க," என்று மட்டும் சொன்னார். பார்த்துக்கொண்டேன். சைரன் பெட்டியின் சாவி அன்று முதல் என் சட்டைப் பையில் இருந்தது. பழைய எச்சரிக்கை வாசகம் ஆட்டை விரட்டுவதுபோல இருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன்.

அன்று காலை பதினொன்று பத்துக்குக் குடிநீர் நிலையத்திலிருந்து போன் வந்தது. குளோரின் உருளை ஒன்று பிளந்துவிட்டது, வாயு தரையோடு தரையாகக் கீழ்த்தெருவை நோக்கி இறங்குகிறது, போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகலாம் என்றார்கள். போனை எடுத்த என் உதவியாளர் ரௌஷான் என்னிடம் வந்து சாவியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். நல்ல வாசகத்துக்கு இருபது நிமிடமாவது வேண்டும்.

"அண்ணே, 'ஓடுங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துடலாமே."

"பெரியவங்க குடியிருக்கற தெரு, அவங்களைப் பார்த்து 'ஓடுங்க'ன்னு சொல்றதா? உங்க வீட்ல இப்படித்தான் பேசுவீங்களா?"

அவள் நல்ல பெண், வளர்ப்புதான் போதாது.

கீழ்த்தெருவின் எல்லா போன்களுக்கும் போன செய்தி இதுதான்: 'அன்பான கீழ்த்தெரு மக்களே, இன்று காற்று குடிநீர் நிலையத்துப் பக்கமிருந்து வீசுகிறது. மேட்டில் உறவினர் இருந்தால் போய்ப் பார்த்துவர உகந்த நாள். கிளம்பும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவது நல்லது.' முப்பது பேர் நன்றி என்று பதில் அனுப்பினார்கள். அது உங்கள் கோப்பில் இருக்கிறதா?

அதன்பின் நடந்ததற்கு என் எழுத்து காரணமில்லை, நம் பழக்கம்தான் காரணம். உறவினர் வீட்டுக்கு யாராவது வெறுங்கையோடு போவார்களா? பெண்கள் மாவைப் பிசைந்து, எண்ணெயைக் காயவைத்து, பவுர்சாக் பொரிக்க உட்கார்ந்தார்கள். கிளம்பும்போதுதானே ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருந்தேன், எண்ணெய்ப் புகைக்கு எல்லா வீட்டிலும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனபோது சில அடுப்புகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தனவாம்.

மறுநாள் முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. இறந்தவர்களின் உறவினர் வீடு ஒன்றையும் விடவில்லை. எல்லா வீட்டிலும் தேநீர் குடித்தேன், ராஜாளியைப் பற்றிப் பேசினேன். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து சொன்னதால தாங்கிக்கிட்டேன்," என்றாள். நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள்? கதவைத் திறந்து, நின்றபடியே, "பத்தொம்பது பேரு செத்துட்டாங்க, அதுல நாலு குழந்தைங்க," என்றீர்கள். இப்படியா தம்பி சொல்வது?

ஆமாம், வாசகத்தை எழுதியவன் நான். சாவியைக் கொடுக்காதவனும் நான்தான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கவில்லை.

இந்தப் போன் பட்டியலைக் காட்டுகிறீர்கள். பதினொன்று பன்னிரண்டு, ஒன்பது வினாடி. அது என் மகள் தொல்கனாய். கீழ்த்தெருவின் கடைசி வீட்டில் இருக்கிறாள். என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? "விஷவாயு வருது. புள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு," என்றேன். பெற்ற பிள்ளையிடம் என்ன சுற்றி வளைத்துப் பேசுவது?

ஓடித்தான் போனாள். காலில் செருப்பு இல்லாமல், கையில் ஒரு பவுர்சாக்கூட இல்லாமல், மேட்டில் அவள் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாளாம். அந்த மரியாதைக் குறைவைப் பற்றி அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.