கடை மறக்கும் மூன்று எண்கள்

நான் வாயைத் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தையல் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! கத்தரி பிடித்துக் கை காய்த்துப்போன பெரியோர்களே! ஊசிமுனையில் குடும்பத்தை உயர்த்திய தாய்மார்களே! வணக்கம்.

உங்கள் பேங்க் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூன்று எண்கள் இருக்கும். என்ன ஐயா கேட்கிறீர்கள், ரகசிய 'பின்' நம்பரா? இல்லை, அது ஏடிஎம்மில் அழுத்துவது. இது, ஆன்லைனில் வாங்கும்போது கார்டு உங்கள் கையில்தான் இருக்கிறது என்று காட்டுவது.

இந்த எண்களைத் திட்டித் தீர்த்தவர் என் அக்கா. அதோ, மூன்றாம் வரிசையில் என்னை முறைக்கிறாரே, அவரேதான்! ஆன்லைனில் நூல் வாங்கும்போதெல்லாம், "கார்டு நம்பரை ஞாபகம் வச்சிருக்கான், இந்த மூணு நம்பரை மட்டும் மறந்துடுறான். மூளை இருக்கா இந்தக் கடைக்காரனுக்கு?" என்பார்.

மறதியா அது? இல்லை, மாண்புடையோரே! பணம் கட்டி முடிந்தபின் அந்த எண்களைக் கடை சேமித்து வைக்கக் கூடாது என்பது விதி.

ஒருநாள் அந்தக் கடையின் கணினிக்குள் திருடன் புகுந்தான். அக்காவின் பெயர் போனது, போன் நம்பர் போனது, கார்டு எண் போனது. அந்த மூன்று எண்கள் போயினவா? இருந்தால்தானே போகும்!

பொத்தான் துளை போடும் காஜா மெஷின் வாங்க அக்கா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அத்தனையும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. திருடன் அதை எடுக்கப் பார்த்தான், அந்த மூன்று எண்கள் இல்லாமல் முடியவில்லை. அக்காவுக்கே போன் போட்டான்.

"மேடம், பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கார்டை யாரோ யூஸ் பண்றாங்க, உடனே நிறுத்தணும்." கார்டு எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தான். அக்கா பதறிப்போய்க் கார்டை எடுத்துத் திருப்பியும்விட்டார். "பின்னாடி இருக்கிற மூணு நம்பரை மட்டும் சொல்லுங்க மேடம்."

பழக்கதோஷம், அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது. "ஏன்யா, உனக்கும் இது மட்டும்தான் மறந்துபோச்சா?" சொன்ன பிறகுதான் உறைத்தது. "எல்லாம் தெரிஞ்ச உனக்கு இது மட்டும் ஏன் தெரியல?"

அக்கா போனை வைத்தார், வங்கியை அழைத்தார், கார்டை முடக்கினார். பணம் பத்திரம்!

ஆன்லைன் கடையில் வாங்கும்போது அந்த எண்களை நீங்களே தட்டுங்கள். எவனாவது போனில் கேட்கிறானா? உங்களிடம் இருப்பது அவனிடம் இல்லை, அதனால்தான் கேட்கிறான்! அன்போடு கேட்டாலும் சொல்லாதீர்கள், அதட்டிக் கேட்டாலும் சொல்லாதீர்கள், அழுது கேட்டாலும் சொல்லாதீர்கள்!

தலைவர் அவர்களே, கடிகாரம் போதும், சற்றே உங்கள் சட்டையைப் பாருங்கள். அதற்குக் காஜா எடுத்தது அக்காவின் புது மெஷின்தான். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், முறைப்பை மறந்து சிரித்துவிட்ட அக்காவுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!